கிராஃபிக்ஸ் கார்டு ஏன் இவ்வளவு பெரிதானது, ஏன் இவ்வளவு விலை ஏறியது?

2017 மார்ச்சில் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டை 699 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேம் ஆடுகிறவர்களுக்கான ஜீஃபோர்ஸ் வரிசையில் அன்றைக்கு அதற்கு மேல் ஒன்று இல்லை. 2025 ஜனவரியில் அதே உச்ச இடத்துக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இன் விலை 1,999 டாலர். இந்தியாவுக்கு அறிவித்த விலை 2,14,000 ரூபாய். முந்தையது 250 வாட் மின்சாரம் எடுத்தது, பிந்தையது 575 வாட் எடுக்கிறது. பணவீக்கத்தால் ஏறியது என்று ஒரு பகுதியை ஒதுக்கிவிடலாம். ஆனால் 2017-இன் 699 டாலரை 2025-இன் மதிப்புக்கு மாற்றினால் சுமார் 900 டாலர்தான் வருகிறது. மீதி 1,100 டாலருக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முதல்முறையாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கிறவர்கள் இந்த விலையையும், கேபினெட்டுக்குள் நுழைய மறுக்கும் அந்த உருவத்தையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, கார்டு பெரிதானது, அதனால் விலை ஏறியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. உருவம் பெருத்ததற்குக் காரணம் வெப்பம். விலை ஏறியதற்குக் காரணம் சிலிக்கான் தொழிற்சாலையும் சந்தையும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் நம் பணம் எங்கே போகிறது என்பது புரியும்.

கார்டு வேறு, ஜிபியு வேறு

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. சாதாரண முழு எச்டி திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, ஆக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். ஒரு கேம் நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பித்தால், ஒவ்வொரு நொடியும் கிட்டத்தட்ட 100 கோடி புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, தண்ணீரில் எது பிரதிபலிக்கிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கு உண்டு.

கம்ப்யூட்டரின் மையச் செயலி ஒன்றிரண்டு கடினமான வேலைகளை வேகமாக முடிப்பதில் கெட்டி. அதில் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய கோர்கள், அதாவது கணக்குப் போடும் பிரிவுகள். புள்ளிக் கணக்கோ எளிதானது, ஆனால் எண்ணிக்கையில் மலை. ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் சின்னச் சின்ன கோர்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் சிப் ஒன்றைச் செய்தார்கள். அதுதான் ஜிபியு. 5090-இல் அப்படிப்பட்ட கோர்கள் 21,760 இருக்கின்றன.

ஜிபியு என்பது அந்த ஒரு சிப் மட்டும். அதோடு மெமரி சிப்புகள், மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் சர்க்யூட், இவை எல்லாம் உட்காரும் போர்டு, மேலே கூலர் என்று எல்லாம் சேர்ந்ததுதான் கிராஃபிக்ஸ் கார்டு. கடையில் நாம் வாங்குவது கார்டை. என்விடியாவும் அதன் போட்டியாளரான ஏஎம்டியும் முக்கியமாக விற்பது சிப்பை. ஏசஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போன்ற நிறுவனங்கள் அந்தச் சிப்பை வாங்கி, தங்கள் போர்டும் கூலரும் சேர்த்து நமக்கு விற்கின்றன.

கூலரைக் கழற்றினால்

2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ஐ எடுத்துக்கொள்வோம். என்விடியா தானே தயாரித்த மாடல் 30.4 சென்டிமீட்டர் நீளம், 13.7 சென்டிமீட்டர் அகலம், 6.1 சென்டிமீட்டர் தடிமன். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஏசஸின் ஸ்ட்ரிக்ஸ் மாடல் இன்னும் பெரிது. நீளம் கிட்டத்தட்ட 36 சென்டிமீட்டர், தடிமன் 7 சென்டிமீட்டர்.

பின்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை மெல்ல அசைத்துப் பிரித்தால் உள்ளே இருப்பது வியப்பாக இருக்கும். போர்டு கார்டின் முழு நீளத்துக்கும் போவதில்லை, பாதி தாண்டியதுமே முடிந்துவிடுகிறது. போர்டின் நடுவில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் அப்பிய ஒரு சதுரம், பக்கத்துக்கு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதுதான் ஜிபியு, 1,599 டாலருக்கு வந்த இந்தக் கார்டின் மையம். பரப்பு 609 சதுர மில்லிமீட்டர், அதற்குள் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய மின் சுவிட்சுகள். அதைச் சுற்றி ஒவ்வொன்றும் 2 ஜிபி கொள்ளளவுள்ள 12 மெமரி சிப்புகள், மொத்தம் 24 ஜிபி. அதற்கு வெளியே வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டிகள் தெரியும். அவை மின்சாரச் சர்க்யூட்டின் காயில்கள். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட், சிப் கேட்பது ஒரு வோல்ட்டையொட்டி. 450 வாட்டை ஒரு வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் சில நூறு ஆம்பியர் ஓட வேண்டும். அதை ஒரே பாதையில் அனுப்ப முடியாது என்பதால்தான் அத்தனை கட்டிகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-இல் வந்த 2080 டிஐ கார்டின் சிப் 754 சதுர மில்லிமீட்டர், 4090-இன் சிப் அதைவிடச் சிறியது. கார்டு பெருத்தது, உள்ளே இருக்கும் சிப் சுருங்கியது. கையில் எடுக்கும்போது நாம் உணரும் எடையில் பெரும்பகுதி அலுமினியத் தகடுகளும் செம்பும்தான்.

வெப்பத்துக்குக் கொடுத்த இடம்

கம்ப்யூட்டர் சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 450 வாட்டில் பெரும்பகுதி அந்தச் சின்னச் சதுரத்திலிருந்து கிளம்புகிறது. சிப்பின் சூடு 80 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதில் காற்று மந்தம். அதனால் இரண்டு வழிகள்தான் உண்டு: காற்று படும் பரப்பைக் கூட்ட வேண்டும், அல்லது காற்றை வேகமாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் ஃபேன் அலறும். 2010-இல் வந்த ஜிடிஎக்ஸ் 480 சூட்டுக்கும் சத்தத்துக்கும் பெயர் வாங்கியது, அதுவும் 250 வாட் வகைதான். இன்று அதைவிட இரண்டு மடங்கு வாட்டை அதைவிட அமைதியாகச் சமாளிக்கிறார்கள். தகடுகளின் பரப்பைப் பெருக்கி, பெரிய ஃபேன்களை நிதானமாகச் சுழலவிட்டதால்தான் இது முடிகிறது. கேபினெட்டுக்குள் இடத்தைக் கொடுத்து அமைதியை வாங்குகிறோம்.

சிப்பிலிருந்து தகடுகளுக்கு வெப்பம் போகும் விதம் அழகான பொறியியல். சிப்பின் மேல் உட்காருவது வெறும் செம்புக் கட்டி இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் அடைத்து மூடிய தட்டையான அறை அது, பெயர் வேப்பர் சேம்பர். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்னதாகவே கொதித்து ஆவியாகிறது. சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த ஓரத்துக்குப் பரவி, அங்கே வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பத் தண்ணீராகிறது. உட்சுவரில் இருக்கும் நுண்துளைச் செம்பு அந்தத் தண்ணீரைச் சிப்பின் பக்கம் இழுத்து வருகிறது. பம்ப் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. தகடுகளுக்குள் நீண்டு போகும் ஹீட் பைப்புகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

அப்படியானால் 5090 இன்னும் பெரிதாக இருக்க வேண்டுமே? என்விடியாவின் சொந்த மாடலில் நேர்மாறாக நடந்தது. 575 வாட் எடுக்கும் அந்தக் கார்டின் தடிமன் வெறும் 4 சென்டிமீட்டர். போர்டைச் சுருக்கி நடுவில் வைத்து, இருபுறமும் ஃபேன் காற்று தகடுகளைத் துளைத்துக்கொண்டு நேராக மறுபக்கம் போகும்படி செய்தார்கள். சிப்புக்கும் கூலருக்கும் இடையே சாதாரண பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்தார்கள். ஆனால் இது செலவு பிடித்த வடிவமைப்பு. மற்ற நிறுவனங்களின் 5090 கார்டுகள் பெரும்பாலும் பழையபடி தடிமனாகவே வருகின்றன. பெரிய தகடு அடுக்குவது எளிது, சுருக்குவதுதான் கஷ்டம். 4080 விஷயத்திலும் இந்தச் சோம்பல் தெரிந்தது. 320 வாட் மட்டுமே எடுக்கும் அந்தக் கார்டுக்கும் என்விடியா 4090-இன் அதே அளவுள்ள கூலரையே மாட்டி விற்றது. ஆகவே கார்டு பெரிதாக இருப்பதை வைத்து அதன் வேகத்தை எடைபோடாதீர்கள்.

மின்சாரம் ஏன் கூடியது

டிரான்சிஸ்டர் சிறிதானால் மின்சாரம் குறைய வேண்டும் அல்லவா? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் எழுதிக் காட்டிய விதி அது. டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், அதனால் அதே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்களை நெருக்கினாலும் மொத்த வெப்பம் ஏறாது. பல பத்தாண்டுகள் கம்ப்யூட்டர் உலகம் இந்தச் சலுகையில்தான் ஓடியது. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டுகளில் ஃபேனே கிடையாது.

2005, 2006 வாக்கில் இந்தச் சலுகை முடிந்தது. வோல்டேஜை அதற்குக் கீழே இறக்கினால் டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. அளவு தொடர்ந்து சுருங்கியது, வோல்டேஜ் ஒரு வோல்ட் பக்கமே நின்றுவிட்டது. 1080 டிஐ சிப்பில் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2.5 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன, 4090-இல் சுமார் 12.5 கோடி. ஐந்து மடங்கு நெருக்கம். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் எடுக்கும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையவில்லை. மிச்சமெல்லாம் வெப்பம்.

அதற்கு மேல் நிறுவனங்களே வேண்டுமென்று கூட்டும் பகுதி ஒன்று உண்டு. சிப் எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராக ஏறுகிறது, வோல்டேஜோடு வர்க்கமாக ஏறுகிறது. வேகத்தின் கடைசிச் சில சதவீதத்தை எட்ட வோல்டேஜைத் தூக்க வேண்டியிருப்பதால், அந்தச் சிறு வேகத்துக்கு ஏகப்பட்ட வாட் செலவாகிறது. 4090-இன் மின்சார வரம்பை 70 சதவீதமாகக் குறைத்துச் சோதித்தவர்கள் பெரும்பாலான கேம்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வேகம் அப்படியே இருப்பதைக் கண்டார்கள். அதாவது கிட்டத்தட்ட 135 வாட், மீதியிருக்கும் அந்தச் சொற்ப வேகத்துக்காக எரிகிறது. விமர்சகர்களின் வரைபடத்தில் முதலிடம் பிடிக்க அந்தச் சொற்பம் நிறுவனத்துக்குத் தேவைப்படலாம். நம் அறையின் சூட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் அது தேவையே இல்லை.

சிப்பின் விலைக் கணக்கு

ஜிபியு சிப்புகள் வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தகட்டில் உருவாகின்றன. வேஃபரின் விட்டம் 300 மில்லிமீட்டர். தொழிற்சாலை விலை போடுவது வேஃபருக்கு. ஒரு வேஃபரிலிருந்து எத்தனை நல்ல சிப் கிடைக்கிறது என்பதில்தான் ஒரு சிப்பின் விலை இருக்கிறது. 4090-இன் 609 சதுர மில்லிமீட்டர் சிப்பை வெட்டினால், ஓரத்தில் வீணாவது போக ஒரு வேஃபரில் சுமார் 90 தேறும். 5090-இன் சிப் 750 சதுர மில்லிமீட்டர், அது சுமார் 70. சின்ன கார்டான 4060-இன் சிப் 159 சதுர மில்லிமீட்டர், அது சுமார் 390.

பெரிய சிப்புக்கு இரண்டாவது தண்டனையும் உண்டு. ஒரு தட்டு மைசூர்பாகில் நாலைந்து இடத்தில் கல் விழுந்துவிட்டது என்று வையுங்கள். சின்னத் துண்டாகப் போட்டால் நாலைந்து துண்டுதான் வீண். முழுத் தட்டையும் ஆறே துண்டாகப் போட்டால் அநேகமாக எல்லாத் துண்டிலும் கல் இருக்கும். வேஃபரில் விழும் நுண்ணிய பழுதுகளும் அப்படித்தான். இதைச் சமாளிக்க, பழுதுபட்ட கோர்களை மட்டும் அணைத்துவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள். 4090-இன் சிப்பில் முழுதாக இருப்பது 18,432 கோர்கள், கார்டில் வேலை செய்வது 16,384. அணைக்கப்பட்டவை நம்மை ஏமாற்ற அணைக்கப்பட்டவை இல்லை. அந்த ஏற்பாடு இல்லையென்றால் விலை இன்னும் எகிறும்.

பழைய காலத்தில் ஒவ்வொரு புதிய தலைமுறைத் தொழில்நுட்பமும் டிரான்சிஸ்டர் ஒன்றின் விலையை நன்றாகக் குறைத்தது. இப்போது வேஃபரின் விலையே தாவுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் ஒன்று 2020-இல் மதிப்பிட்டபடி, 16 நானோமீட்டர் என்ற பழைய முறையில் செய்த வேஃபர் ஒன்று சுமார் 4,000 டாலர், இன்னும் நுண்ணிய 5 நானோமீட்டர் முறையில் செய்தது சுமார் 17,000 டாலர். 1080 டிஐ முதல் வகையில் செய்தது. 4090 இரண்டாவது வகையைச் சேர்ந்த, சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4என் முறையில் செய்தது. இந்த ஏற்றத்துக்குப் பெரிய காரணம் கருவிகள். புதிய முறைக்கு வேண்டிய, சிலிக்கானில் நுண்ணிய வடிவங்களைப் பதிக்கும் அதிதீவிர புறஊதாக்கதிர் இயந்திரத்தை உலகத்தில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான் செய்கிறது, ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கு மேல். அதை வாங்கிப் பெரிய அளவில் சிப் செய்து தருவதில் தைவானின் டிஎஸ்எம்சிக்கு நிகரான போட்டி இல்லை. ஏஎம்டி, ஆப்பிள், என்விடியா எல்லாருமே அந்த ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். சிப் விலை இறங்கிக்கொண்டே போகும் என்ற எண்ணம் பழங்கதை என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2022 செப்டம்பரில் சொன்னதற்குப் பின்னணி இதுதான்.

சரி, அந்த மதிப்பீட்டை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். பழுதையும் சோதனைச் செலவையும் விட்டுவிடுவோம். 1080 டிஐ சிப்புக்கு வேஃபர் பங்கு சுமார் 35 டாலர் வருகிறது, 4090 சிப்புக்கு சுமார் 190 டாலர். ஐந்து மடங்குக்கும் மேல். ஆக, ஹுவாங் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் 190 டாலருக்கும் 1,599 டாலருக்கும் நடுவே நிறைய இடம் கிடக்கிறது. மெமரி, போர்டு, இரண்டு கிலோ கூலர், சிப்பை வடிவமைக்கும் செலவு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை வருடக்கணக்கில் எழுதும் பொறியாளர்கள், கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்குள் வரும். எல்லாம் போக மிஞ்சும் லாபத்தில் கார்டைச் செய்து விற்கும் நிறுவனத்துக்குப் போவது சொற்பம். அமெரிக்காவில் கேமர்களுக்குப் பிரியமான ஈவிஜிஏ 2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு வெளியேறியபோது, லாபம் மெலிந்துபோனது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அதே சிப்புக்கு வேறு கிராக்கி

இந்தச் சிப்புகள் கேமுக்கு மட்டும் பயன்படுவதில்லை, இதுதான் எனக்கு முக்கியமான காரணமாகப் படுகிறது. ஆயிரக்கணக்கான கணக்கை ஒரே நேரத்தில் போடுவது வேறு பலருக்கும் வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தவர்கள் கிரிப்டோ சுரங்கக்காரர்கள். 2017-இலும், பிறகு 2020-இலிருந்து 2022 வரையிலும் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கணக்குப் போட்டு எடுக்கக் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். 2020 செப்டம்பரில் 699 டாலருக்கு அறிவித்த 3080 அந்த விலையில் கண்ணிலேயே படவில்லை, மறுவிற்பனையில் இரண்டு மடங்கு கேட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது, கார்டு வைத்து எத்தீரியம் தோண்டும் வேலை அத்தோடு நின்றது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நிறுவனங்கள் ஒரு பாடம் படித்துக்கொண்டன: இந்த விலைக்கும் வாங்க ஆள் இருக்கிறது.

அப்புறம் வந்தது செயற்கை நுண்ணறிவு. 2020 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 1,092 கோடி டாலர், அதில் பாதி கேம் ஆடுகிறவர்கள் கொடுத்தது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்தம் 13,050 கோடி டாலர். அதில் செயற்கை நுண்ணறிவுக்குச் சிப் வாங்கும் டேட்டா சென்டர்களின் பங்கு 11,520 கோடி, கேம் பங்கு சுமார் 1,140 கோடி. கேம் வருமானம் தொகையில் கூடத்தான் செய்திருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பார்வையில் பாதியாக இருந்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டார்கள்.

4090-இல் இருக்கும் அதே ரகச் சிப்பை, 48 ஜிபி மெமரியோடு ஆர்டிஎக்ஸ் 6000 ஏடா என்ற பெயரில் அலுவலகங்களுக்கு 6,800 டாலருக்கு விற்றார்கள். வேஃபரிலிருந்து வரும் ஒரு சிப்பை 1,599 டாலர் கார்டிலும் போடலாம், 6,800 டாலர் கார்டிலும் போடலாம் என்றால் எது மலிவாகக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மெமரியிலும் இதே கதை. 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளின் தேவையால் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் க்ரூசியல் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

உச்சியில் போட்டி இல்லாததும் சேர்ந்துகொண்டது. ஏஎம்டியின் 2025 தலைமுறையில் மிகப் பெரிய கார்டே 599 டாலருக்கு அறிமுகமான ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. 5090-க்கு எதிராக அவர்கள் ஒன்றும் நிறுத்தவில்லை. இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சுமைகள் உண்டு. 2017 தொடக்கத்தில் 68 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் 2025 தொடக்கத்தில் 86 ரூபாயைத் தொட்டிருந்தது. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தே வருகிறது.

பெயர் அப்படியே, உள்ளே குறைவு

உச்ச விலைக் கார்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என் வருத்தம் அதில் இல்லை. இரண்டு லட்ச ரூபாய் கார்டு நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. நடுத்தரக் கார்டில் சத்தமில்லாமல் நடந்த மாற்றம்தான் சாதாரண ஆளைத் தொடுகிறது.

2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, 249 டாலர். அதன் சிப் 200 சதுர மில்லிமீட்டர். அந்தத் தலைமுறையின் உச்சமான 1080 டிஐயில் இருந்த கோர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதில் இருந்தது. 2023-இல் வந்த 4060, 299 டாலர். சிப் 159 சதுர மில்லிமீட்டர். 4090-இன் கோர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. மெமரிக்குப் போகும் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகியது. 2016-இல் 379 டாலர் 1070-இல் 8 ஜிபி மெமரி இருந்தது. 2025-இன் 5060-லும் அதே 8 ஜிபிதான். ஒன்பது வருடம் கழித்தும்!

நியாயமாகச் சொல்வதானால், உச்சக் கார்டு மேலே போனதாலும் இந்த விகிதம் குறைந்து தெரிகிறது. 4060 பழைய 1060-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம், மின்சாரமும் வெறும் 115 வாட். ஆனால் பெயரில் உள்ள கடைசி இரண்டு எண்கள் இத்தனை வருடம் ஒரு வாக்குறுதியாக இருந்தன. 60 என்றால் இந்த அளவு சிப், 80 என்றால் இந்த அளவு என்று வாங்குகிறவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் இழுபட்டது என்பது 2022-இல் வெளிப்படையாகவே தெரிந்தது. என்விடியா 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 12 ஜிபி வகைக்குள் இருந்தது வேறொரு சிறிய சிப். எதிர்ப்பு கிளம்பியதும் அதை விற்பனைக்கு வரும் முன்பே விலக்கிக்கொண்டு, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி, 100 டாலர் குறைத்து வெளியிட்டார்கள். பெயர் பலகை மாறியதும் விலையும் மாறியது என்பதை வாங்குகிறவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

பெட்டியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: மெமரி எத்தனை ஜிபி, மெமரிப் பாதை எத்தனை பிட், எத்தனை வாட், உங்கள் திரையின் அளவில் உங்கள் கேம் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது. முழு எச்டி திரை வைத்திருப்பவருக்கு 4கே கார்டு வீண் செலவு. 2024 டிசம்பரில் 12 ஜிபியோடு 249 டாலருக்கு அறிமுகமான இன்டெல்லின் ஆர்க் பி580 போன்ற கார்டுகளும் இருக்கின்றன. என்விடியா தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று இருப்பவர்கள் அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் ஆன்லைனில் வாங்கினாலும், முதலில் கேபினெட்டைத் திறந்து உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழித்துவிட்டு வரும் அளவுதான் கணக்கு. தடிமனான கார்டு பக்கத்து ஸ்லாட்டுகளையும் மறைத்துவிடும். இரண்டு கிலோ கார்டு காலப்போக்கில் ஒரு பக்கம் தொங்கும், அதனால் பெட்டியோடு வரும் தாங்கு கம்பியைத் தூக்கிப் போடாமல் மாட்டுங்கள். பவர் சப்ளை 4090-க்கு 850 வாட், 5090-க்கு 1,000 வாட் என்பது என்விடியாவின் பரிந்துரை. 4060, 5060 போன்றவற்றுக்கு 550 வாட் போதும்.

பெரிய கார்டுகளில் மின்சாரம் கொண்டுவரும் 16 பின் கனெக்டர் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அது ஆறே ஆறு சின்ன பின்கள் வழியாக உள்ளே போகிறது, ஒன்றுக்கு எட்டு ஆம்பியருக்கும் மேல். 2022 அக்டோபரில் 4090 வந்த சில வாரங்களிலேயே சில கார்டுகளில் இந்தக் கனெக்டர் உருகியது. முழுதாக உள்ளே போகாமல் மாட்டியது ஒரு முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு வந்த திருத்திய வடிவத்தில், கனெக்டர் சரியாக உட்காரவில்லையென்றால் கார்டு அதை உணரும்படி சிறிய பின்களின் நீளத்தை மாற்றினார்கள். மாட்டும்போது நேராகப் பிடித்து, இடைவெளி கொஞ்சமும் தெரியாத வரை அழுத்துங்கள். கேபிளை கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் வளைக்காமல் நேராக விடுங்கள். கேபினெட்டின் பக்கக் கதவு மூடும்போது கேபிளை அழுத்துகிறது என்றால் அந்தக் கேபினெட் அந்தக் கார்டுக்கு ஆகாது.

எல்லாம் மாட்டி ஓடிய பிறகு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் மின்சார வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கி, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஃபேன் சத்தம் குறைந்திருப்பது அதற்குள் காதில் பட்டிருக்கும்.